கோலிப் பலகை: அட்டையைப் பார்த்து அடுக்கினால் கணக்கு வந்துவிடுமா?

ஒரு சதுர மரப்பலகை, அதில் வரிசை வரிசையாகக் குழிகள். கூடவே ஒரு துணிப்பை நிறையப் பல வண்ணக் கோலிகள், ஓர் இடுக்கி அல்லது சின்னக் கரண்டி, ஒரு கட்டு மாதிரி அட்டைகள். எந்தக் குழியில் எந்த நிறம் என்று அட்டையில் படம் போட்டிருக்கும். பிள்ளை அதைப் பார்த்துப் பலகையில் அப்படியே அடுக்க வேண்டும். பொம்மை இவ்வளவுதான்.

ஆனால் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் தலை சுற்றும். 'மாண்டிசோரி' என்கிறது, 'மூளை வளர்ச்சி' என்கிறது, 'கணித அடித்தளம்' என்கிறது. மூலையில் '3+' என்று இருக்கிறது. சில பெட்டிகளில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறது, சிலவற்றில் இல்லை. விலையோ கடைக்குக் கடை மாறுகிறது. இரண்டு வயதுப் பிள்ளை சூட்டிகையாக இருந்தால் வாங்கிக் கொடுக்கலாமா? மாண்டிசோரி என்று போட்டிருந்தால் அது ஏதாவது அங்கீகாரமா? முத்திரை இல்லாத மரப்பொம்மை போலியா?

குழப்பத்துக்குக் காரணம், மூன்று தனித்தனிக் கேள்விகள் ஒரே பெட்டிமேல் அச்சாகி இருப்பதுதான். இந்தப் பொம்மையில் பிள்ளை எதைக் கற்கிறது என்பது ஒன்று. பெட்டியில் இருக்கும் பெயர்களுக்கு என்ன பொருள் என்பது இன்னொன்று. எந்த வயதில் ஆபத்தில்லை என்பது மூன்றாவது. ஒன்றுக்கான பதிலை இன்னொன்றுக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

'அமைப்பு' என்றால் என்ன

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிக் கணக்குப் புத்தகங்களில் 'அமைப்புகள்' என்றொரு பகுதி வரும். ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளைகள் 'பேட்டர்ன்' என்பார்கள். ஒரு விதிப்படி போகும் வரிசைக்கு அந்தப் பெயர். அடுத்து வருவது என்ன என்று பார்க்காமலே சொல்ல முடிந்தால் அது அமைப்பு, முடியாவிட்டால் வெறும் வரிசை.

சிவப்பு, நீலம், நீலம், சிவப்பு, நீலம், நீலம் என்று போகும் ஒரு வரிசையை எடுத்துக்கொள்வோம். இதில் திரும்பத் திரும்ப வருவது 'சிவப்பு-நீலம்-நீலம்' என்ற மூன்று கோலித் துண்டு. இந்தத் துண்டைக் கண்டுபிடிப்பதுதான் முழு விஷயமும். ஒரு கனகாம்பரம், இரண்டு மல்லி என்று சரம் தொடுக்கிறவர் முழுச் சரத்தையும் மனதில் வைத்துக்கொண்டிருப்பதில்லை. அந்த மூன்று பூவை வைத்தே நாலு முழமும் போய்விடும். நூறாவது பூ என்ன என்று கேட்டால்கூட எண்ணிப் பார்க்காமல் கணக்குப் போட்டுச் சொல்லலாம்: மூன்றால் வகுத்தால் மீதி ஒன்று, ஆகவே கனகாம்பரம். சின்னப் பிள்ளையின் விளையாட்டுக்குள் வகுத்தலும் மீதியும் ஒளிந்திருப்பது இப்படித்தான்.

வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இங்கேயே இருக்கிறது. இந்தப் பொம்மைகளோடு வரும் அட்டைகளில் பல வெறும் படங்கள்: பூ, இதயம், வீடு, சிரித்த முகம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் திரும்ப வரும் துண்டு எதுவும் அவற்றில் இல்லை. வீட்டுப் படத்தின் பாதியைக் காட்டினால் மீதியை யூகிக்க விதி கிடையாது. பிள்ளை செய்வது படத்தை நகலெடுக்கும் வேலை. இடமும் வலமும் ஒன்றுபோல இருக்கும் படமாக இருந்தால் சமச்சீர் என்ற ஒரு விதியாவது கிடைக்கும். அட்டைக்கட்டில் படங்கள் எத்தனை, அமைப்புகள் எத்தனை என்று பிரித்துப் பார்த்தாலே அந்தப் பொம்மையைச் செய்தவர் யோசித்தாரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

அடுக்குவதில் ஐந்து படிகள்

சிறு பிள்ளைகளின் கணிதச் சிந்தனையை ஆராய்கிறவர்கள் அமைப்பறிவைப் படிபடியாகப் பிரிக்கிறார்கள். பிரிக்கும் விதம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். இந்தப் பலகைக்குப் பொருத்திச் சொன்னால் இப்படி வரும்:

1. பார்த்து அடுக்குவது. அட்டையில் முதல் குழி சிவப்பு, பலகையிலும் சிவப்பு. இரண்டாவது நீலம், இங்கேயும் நீலம். ஒவ்வொரு குழியாக ஒப்பிட்டுக்கொண்டே போனால் போதும்.

2. விட்டதை நிரப்புவது. வரிசையின் நடுவில் ஒரு கோலியை எடுத்துவிட்டு, 'இங்கே எது இருந்தது?' என்று கேட்பது.

3. நீட்டுவது. அட்டை முடிந்த இடத்துக்கு அப்பால் அதே வரிசையைத் தொடரச் சொல்வது.

4. வேறு பொருளுக்கு மாற்றுவது. சிவப்பு-நீலம்-நீலம் வரிசையைக் காட்டி, அதையே மஞ்சளும் பச்சையும் வைத்துச் செய்யச் சொல்வது. அல்லது கோலியே இல்லாமல், ஒரு டம்ளர், இரண்டு கிண்ணி என்று செய்யச் சொல்வது.

5. துண்டைத் தனியே காட்டுவது. 'இதில் திரும்பத் திரும்ப வருவது எது? அதை மட்டும் எடுத்து வை' என்றால் மூன்று கோலியை மட்டும் எடுத்து வைப்பது.

இதில் முதல் படிக்கு அமைப்பு என்ற எண்ணமே தேவையில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கண்ணும் கையும் ஒத்துழைத்தால் போதும். பெட்டிக்குள் இருக்கும் அட்டைகள் அநேகமாக இந்த முதல் படியோடு நின்றுவிடுகின்றன. இருபது அட்டையை மளமளவென்று முடிக்கும் பிள்ளையைப் பார்த்து 'கணக்கில் புலி' என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். அட்டையின் வலப்பக்கப் பாதியைக் கையால் மூடிவிட்டு, முழு வரிசையையும் அடுக்கச் சொல்லுங்கள். விதியைப் பிடித்த பிள்ளை நிற்காமல் போகும். குழிக்குக் குழி ஒப்பிட்டு வந்த பிள்ளை கை மூடிய இடத்தில் நின்று, உங்கள் முகத்தைப் பார்க்கும், இல்லையென்றால் விரலை விலக்கப் பார்க்கும்.

அப்படி நின்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. நாலு வயதில் அது சகஜம். தவறு வரும் விதத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு. சிவப்பு-நீலம்-நீலம் என்பதை நீட்டச் சொன்னால் நிறையப் பிள்ளைகள் சிவப்பு-நீலம்-சிவப்பு-நீலம் என்று ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றிவிடுவார்கள். ஏனென்றால் அவர்கள் முதலில் பழகும் அமைப்பு அதுதான். இன்னும் சிலர் ஒரு துண்டைச் சரியாகப் போட்டுவிட்டு அப்புறம் பிடித்த நிறத்தையே கடைசிவரை நிரப்புவார்கள். முதல் வகைப் பிள்ளைக்கு 'மாறி மாறி வரும்' என்பது பிடிபட்டிருக்கிறது, எத்தனை வரும் என்பது பிடிபடவில்லை. இரண்டாவது வகைக்கு விதியை நினைவில் வைத்துக்கொண்டே கையை நகர்த்துவது இன்னும் சுமையாக இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே 'தப்பு' என்ற சொல்லைச் சொல்லிவிட்டால் இந்த வித்தியாசம் போய்விடும்.

நான்காம் படி ஏன் கடினம்? நிறத்தை விட்டுவிட்டு உறவை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதால். இதற்கு உதவும் ஒரு எளிய வழியை 2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். எமிலி ஃபைஃப், நிக்கோல் மெக்நீல், பெத்தனி ரிட்டில்-ஜான்சன் மூவரும் பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளிடம் அமைப்பை இரண்டு விதமாக விளக்கினார்கள். ஒரு பிரிவுக்கு 'நீலம்-சிவப்பு-சிவப்பு' என்பதுபோல நிறப் பெயரிலேயே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு 'ஏ-பி-பி' என்று பொதுக் குறியில் சொன்னார்கள். வேறு பொருளில் அதே அமைப்பைச் செய்வதில் பொதுக் குறி கேட்ட பிள்ளைகளே மேலாகச் செய்தார்கள். நிறத்தின் பெயரைச் சொல்லச் சொல்லப் பிள்ளையின் கவனம் நிறத்திலேயே ஒட்டிக்கொள்கிறது போலும்.

நம் வீட்டில் ஏ-பி-பி என்றுதான் சொல்ல வேண்டும் என்பதில்லை. 'டும்-டக்-டக், டும்-டக்-டக்' என்று மேசையில் தட்டினாலும் அது பொதுக் குறிதான். இந்தத் தட்டு எந்த நிறத்துக்கும் சொந்தமில்லை. ஒரு பிள்ளை தட்டிக்கொண்டே கோலி வைக்கத் தொடங்கினால், பாதி வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்து குழி அகலத்தில் நடக்கும் வேடிக்கை

நேர்வரிசையில் அடுக்குவதைவிடச் சதுரப் பலகையில் ஒரு கூடுதல் லாபம் உண்டு. எந்தப் பெட்டியும் இதைச் சொல்லிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. பொம்மையின் சிறந்த பகுதியே இதுதான் என்பேன்.

ஐந்துக்கு ஐந்து, இருபத்தைந்து குழிப் பலகை என்று வைத்துக்கொள்வோம். இடமிருந்து வலமாக, எழுதுவதுபோல, ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரிக்குப் போய், சிவப்பு-நீலம் என்று ஒன்றுவிட்டு ஒன்றாக வைத்துக்கொண்டே போனால் சதுரங்கக் கட்டம் வந்து நிற்கும். யாரும் சதுரங்கம் போடச் சொல்லவில்லை. ஒற்றைப்படை அகலம் என்பதால் முதல் வரி சிவப்பில் தொடங்கிச் சிவப்பில் முடியும். அடுத்த வரி தானாகவே நீலத்தில் தொடங்கும். இதையே ஆறு குழி அகலப் பலகையில் செய்தால் ஒவ்வொரு வரியும் சிவப்பில்தான் தொடங்கும். சதுரங்கம் வராது, நெட்டுக்குத்தாகப் பட்டைகள் வரும். விதி ஒன்றே, அகலம் மாறியதும் படமே மாறிவிட்டது.

இப்போது சிவப்பு-நீலம்-நீலம். ஐந்து அகலத்தில் முதல் மூன்று வரிகள் இப்படி வரும்:

சிவப்பு, நீலம், நீலம், சிவப்பு, நீலம்
நீலம், சிவப்பு, நீலம், நீலம், சிவப்பு
நீலம், நீலம், சிவப்பு, நீலம், நீலம்

நாலாவது வரி முதல் வரியைப் போலவே இருக்கும், ஐந்தாவது வரி இரண்டாவதைப் போல. சிவப்புகளை மட்டும் பார்த்தால் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குச் சாய்வாக ஒரு கோடு ஓடுகிறது, இரு பக்கமும் துணைக்குச் சின்னச் சாய்வுகள். சிவப்பு மொத்தம் 9, நீலம் 16. இதையே நாலுக்கு நாலு பலகையில் அடுக்கினால் நீண்ட சாய்வு எதிர்ப்பக்கம் விழும், வலது மேல் மூலையிலிருந்து இடது கீழ் மூலைக்கு. மூன்று கோலித் துண்டுக்கு நாலு என்பது ஒன்று கூடுதல், ஐந்து என்பது ஆறுக்கு ஒன்று குறைச்சல். அந்த ஒன்று எந்தப் பக்கம் மிஞ்சுகிறதோ அதை வைத்துச் சாய்வு திரும்பிவிடுகிறது. துண்டின் நீளத்தால் அகலம் மீதியின்றி வகுபட்டால் நேர்ப்பட்டை. வகுபடாவிட்டால் சாய்வு அல்லது சதுரங்கம்.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு இந்தக் காரணத்தை விளக்கத் தேவையில்லை, விளக்கினாலும் ஏறாது. 'நான் சாய்வாக வைக்கவே இல்லையே, எப்படிச் சாய்வாக வந்தது?' என்ற வியப்பு மட்டும் வந்தால் போதும். மூன்றாம், நான்காம் வகுப்பில் மீதி வரும் வகுத்தல் படிக்கும்போது அதே பலகையைத் திரும்ப எடுத்து வைக்கலாம். இந்தப் பொம்மைக்கு ஆயுள் ஐந்து வயதோடு முடிவதில்லை என்று சொல்வது இதனால்தான்.

புள்ளி வரிசையில் விதி வைத்து உருவம் எழுப்புவது நம் ஊர் வாசல்களுக்குப் பழைய பழக்கம். புள்ளிக் கோலத்தின் விதிகளைக் கணினி அறிவியலின் இலக்கண முறையில் எழுத முடியும் என்று 1974இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார்கள். கிஃப்ட் சிரோமணி சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர். கோலம் போடுகிற வீட்டில் கோலிப் பலகை இல்லையே என்று ஏங்க வேண்டாம் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

ஆய்வுகள் எதுவரை சொல்கின்றன

'மூளை வளர்ச்சி' என்று பெட்டியில் போடுகிறவர்கள் எந்த ஆய்வையும் காட்டுவதில்லை. ஆனால் அமைப்பறிவு பற்றி உண்மையான ஆய்வுகள் இருக்கின்றன. அதிகம் பேசப்படுவது 2017இல் ரிட்டில்-ஜான்சன் குழுவினர் வெளியிட்டது. அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த 517 பிள்ளைகளை 4 வயதிலிருந்து 11 வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். பள்ளிக்கு முந்தைய வயதில் அமைப்புகளைப் புரிந்துகொள்வதில் முன்னால் இருந்தவர்கள் ஐந்தாம் வகுப்புக் கணக்கிலும் முன்னால் இருக்கும் போக்கு தெரிந்தது. எண்ணத் தெரிவதும், எது அதிகம் எது குறைவு என்று கண்ணாலேயே சொல்லத் தெரிவதும் அதே பட்டியலில் உண்டு.

இது ஒரு தொடர்பைக் காட்டும் ஆய்வு. கோலிப் பலகை வாங்கிக் கொடுத்தால் ஐந்தாம் வகுப்பில் மதிப்பெண் ஏறும் என்று அது சொல்லவில்லை. மறுபக்கம் பேசியவர்களும் உண்டு. 2008இல் அமெரிக்காவின் தேசியக் கணித ஆலோசனைக் குழு, அல்ஜீப்ராவுக்குத் தயார் செய்வதில் அமைப்புகளுக்கு அவ்வளவு பெரிய இடம் தேவையில்லை என்று கருத்துச் சொன்னது. இந்தியாவிலோ காற்று வேறு திசையில். 2020 தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயதுவரை அடித்தள நிலை என்று வகுத்தது. 2022இல் வந்த அந்த நிலைக்கான பாடத்திட்டச் சட்டகம் விளையாட்டுப் பொருள் வழிக் கற்றலை முன்னிறுத்துகிறது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் முதல் மூன்று வகுப்புகளுக்குச் செயல்வழிதான். பொம்மைக் கடைகளில் 'கற்றல் பொம்மை' அலமாரி நீண்டுகொண்டே போவதற்கு இந்தச் சூழலும் ஒரு காரணம்.

'மாண்டிசோரி' என்று யார் வேண்டுமானாலும் போடலாம்

மரியா மாண்டிசோரி இத்தாலிய மருத்துவர். 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அவருக்கும் சென்னைக்கும் நேரடி உறவு உண்டு. 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறு வந்து ஆசிரியர் பயிற்சி நடத்தினார். போர் மூண்டதால் 1946வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது, அதில் சில காலம் கொடைக்கானலில்.

ஆனால் அவர் பெயர் இன்று யாருக்கும் தனிச்சொத்தாக இல்லை. 1967இல் அமெரிக்க வணிகமுத்திரைத் தீர்ப்பாயம், அது ஒரு கல்வி முறையைக் குறிக்கும் பொதுச்சொல், ஓர் அமைப்புக்கு மட்டும் உரிமையாகாது என்று முடிவு செய்தது. ஆகவே பெட்டிமேல் அந்தப் பெயர் இருப்பது எந்தச் சோதனையிலும் தேறியதற்கு அடையாளம் ஆகாது.

அவர் வகுத்த நெறிகளை வைத்தே இந்தப் பொம்மையைச் சோதிக்கலாம். கோலிப் பலகைக்கு அது கொஞ்சம் சங்கடம்:

1. தவறு தானாகத் தெரிய வேண்டும் என்பது ஒரு நெறி. மாண்டிசோரி உருளைக் கட்டைகளில் பத்து உருளை, பத்துக் குழி, ஒவ்வொன்றும் வேறு அளவு. ஓர் உருளையைத் தப்பான குழியில் வைத்தால் கடைசியில் ஒன்று எங்கும் பொருந்தாமல் கையில் நிற்கும். பெரியவர் வாய் திறக்கவே வேண்டாம். கோலிப் பலகையில் எல்லாக் குழியும் ஒரே அளவு. எந்தக் கோலியும் எந்தக் குழியிலும் உட்கார்ந்துவிடும். சரியாக எண்ணிக்கொடுத்த 9 சிவப்பு, 16 நீலத்தில் இரண்டு இடம் மாறிப்போனாலும் மிச்சம் ஒன்றும் நிற்காது. பலகை பேசாது, அட்டையோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

2. ஒரு நேரத்தில் ஒரே கடினம் என்பது இன்னொரு நெறி. இடுக்கியால் வழுக்கும் கோலியைப் பிடிப்பதே ஒரு வித்தை. அதைச் செய்துகொண்டே 'அடுத்து நீலமா சிவப்பா' என்பதையும் நினைவில் வைக்கச் சொன்னால், கோலி நழுவி உருண்டு ஓடும் நொடியில் விதியும் கூடவே ஓடிவிடும்.

இரண்டாவதைச் சரிசெய்வது எளிது. அமைப்பு புதிதாக இருக்கும்போது விரலால் எடுக்கட்டும். இடுக்கி பழக வேண்டுமென்றால் விதி எதுவும் இல்லாமல் கிண்ணியிலிருந்து கிண்ணிக்கு மாற்றட்டும். இரண்டும் தனித்தனியே வசப்பட்ட பிறகு சேர்க்கலாம்.

3+ என்பது சாமர்த்தியத்துக்கு அளவு இல்லை

இதுவரை சொன்னதில் தப்புச் செய்தால் ஒரு பொம்மை வீணாகும், அவ்வளவுதான். இனி வருவது அப்படியில்லை.

பெட்டியில் இருக்கும் வயதைப் பார்த்து 'என் பிள்ளை இரண்டரை வயதிலேயே இதெல்லாம் செய்யும்' என்று நினைக்கிறவர்கள் நிறைய. செய்யக்கூடும். ஆனால் அந்த எண் அறிவைப் பற்றியதல்ல, தொண்டையைப் பற்றியது. மூன்று வயதுக்குள் பிள்ளைகள் எதையும் வாயில் வைத்துத்தான் அறிமுகம் செய்துகொள்கின்றன. கடைவாய்ப் பற்கள் முழுதாக வந்திருக்காது, விழுங்குவதையும் மூச்சையும் ஒருங்கிணைப்பது இன்னும் தேறியிருக்காது, மூச்சுக்குழாயோ மிகக் குறுகல்.

உருண்டை ஏன் கூடுதல் ஆபத்து? கோணல்மாணலான பொருள் சிக்கினால் ஓரமாகக் கொஞ்சம் காற்றாவது போகும் வாய்ப்பு உண்டு. வழவழப்பான உருண்டை தொண்டையில் கச்சிதமாக உட்கார்ந்து முழு வழியையும் அடைத்துவிடும். விரலைவிட்டு எடுக்கப் பிடிமானமும் இருக்காது.

இதனால்தான் பாதுகாப்புத் தரங்களில் உருண்டைக்குத் தனி அளவு இருக்கிறது. சாதாரணச் சின்னப் பாகங்களுக்கு 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனைக் குழல். மூன்று வயதுக்குட்பட்டோர் பொம்மையின் எந்தப் பாகமும் அதற்குள் முழுதாக அடங்கக்கூடாது. அந்தக் குழலில் அடங்காத பந்துகளும் பிள்ளைகளின் உயிரைப் பறித்ததால், அமெரிக்கா 1994இல் சட்டம் இயற்றிப் பந்துக்கான அளவை ஒன்றே முக்கால் அங்குலமாக, அதாவது சுமார் 44.5 மி.மீ. ஆக உயர்த்தியது. இந்தியத் தரமான ஐஎஸ் 9873இன் முதல் பாகமும் சர்வதேசத் தரத்தைத் தழுவியதே. அதிலும் சிறு பந்துகளுக்குத் தனிச் சோதனை உண்டு.

44.5 மி.மீ. எவ்வளவு பெரியது என்று மனதில் பிடிக்க: மேசைப்பந்தாட்டப் பந்தின் விட்டம் 40 மி.மீ. அதுகூட 'சிறு பந்து' கணக்கில்தான் வருகிறது. பெட்டிக்கடையில் விற்கும் சாதாரணக் கண்ணாடிக் கோலி சுமார் 16 மி.மீ. பத்து ரூபாய் நாணயத்தின் விட்டமே 27. ஆகவே கோலிப் பலகையில் வரும் எந்தக் கோலியும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆகாது. மரமா, கண்ணாடியா, சாயம் இயற்கையா என்பதெல்லாம் இந்த விஷயத்தில் பொருட்டே இல்லை.

மூன்று வயது நிறைந்த மறுநாளே ஆபத்து நீங்கிவிடுவதும் இல்லை. மூன்று முதல் எட்டு வயதுவரைக்கான பொம்மையில் கோலி இருந்தால் எச்சரிக்கை வாசகம் போட வேண்டும் என்று தரங்கள் கேட்பது அதனால்தான். நடைமுறையில் பெரிய சிக்கல் தம்பி தங்கைகள். ஐந்து வயது அக்கா அடுக்கும் கோலி உருண்டு கட்டிலுக்கு அடியில் போகும்; தவழும் தம்பிதான் அதை முதலில் கண்டுபிடிப்பான். விளையாட இருபத்தைந்து கோலிகளை மட்டும் பையிலிருந்து எடுத்து, முடிந்ததும் அவற்றைப் பலகைக் குழிகளில் நிரப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம். இருபத்தைந்து குழியும் நிறைந்ததா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும், எண்ணவே வேண்டாம்.

தோற்றத்தில் கோலி போலவே இருக்கும் இரண்டு பொருள்களை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, சக்திவாய்ந்த காந்தக் குண்டுகள். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்துக் குடல் சுவரையே துளைத்துவிடும். இன்னொன்று, தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் உருண்டைகள். விழுங்கும்போது கடுகளவு இருக்கும், வயிற்றுக்குள் போய் வீங்கிக் குடலை அடைக்கும். எந்த அமைப்பறிவுக்காகவும் இவை இரண்டும் சிறு பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் வர வேண்டாம்.

கோலி தொண்டையில் சிக்கிய பிள்ளை இருமிக்கொண்டிருந்தால் இருமவிட வேண்டும். சத்தமே வராமல் திணறினால், ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகில் ஐந்து தட்டு, அப்புறம் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்கு மேலே ஐந்து முறை உள்ளும் மேலுமாக அழுத்துவது, பொருள் வெளியே வரும்வரை இப்படி மாறி மாறி. நினைவு தப்பினால் தரையில் படுக்கவைத்து நெஞ்சை அழுத்தும் உயிர்காப்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும். இன்னொருவர் அதே நேரத்தில் 108ஐ அழைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் கீழே போய்விடும்.

முத்திரை, சாயம்

பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2020இல் பிறப்பித்தது. 2021 ஜனவரி 1 முதல் நடைமுறை. 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளை ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் விற்கக்கூடாது. உள்நாட்டுப் பொருளுக்கும் இறக்குமதிக்கும் ஒரே விதி.

அப்படியானால் முத்திரை இல்லாத மரப்பொம்மை எல்லாம் போலியா? இல்லை. கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிந்த கைவினைஞர்களுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளைச் செய்யும் உரிமை பெற்றவர்களுக்கும் விலக்கு உண்டு. கர்நாடகத்தின் சன்னபட்டணம் பொம்மைகள் அப்படிப் புவிசார் குறியீடு பெற்றவை. மென்மையான வெப்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும்போதே அரக்குச் சாயம் ஏற்றுவார்கள். விலக்கு கிடைத்திருப்பது அந்த ஆணையிலிருந்துதான். சின்ன உருண்டை தொண்டையை அடைக்கும் ஆபத்திலிருந்து விலக்கு கிடையாது.

சாயத்தில் பார்க்க வேண்டியது ஈயம். பொம்மையைச் சப்பும்போது கரைந்து வெளியேறும் ஈயத்துக்கு ஐஎஸ் 9873இன் மூன்றாம் பாகம் கிலோவுக்கு 90 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. வீட்டில் இதை அளக்க முடியாது. ஈரத்துணியால் தேய்த்தால் நிறம் ஒட்டுகிறதா, பெயின்ட் செதில் செதிலாக உரிகிறதா என்று மட்டும் பார்க்கலாம். ஒட்டினாலோ உரிந்தாலோ வாங்க வேண்டாம்.

இன்னொரு சின்ன விஷயம். ஒரு பிள்ளை மற்ற எல்லாவற்றிலும் கெட்டியாக இருந்தும் சிவப்பு-பச்சை அட்டைகளில் மட்டும் திரும்பத் திரும்பத் தடுமாறினால் நிறக்குறைபாடு இருக்கலாம். ஆண் பிள்ளைகளிடம் இது பெண் பிள்ளைகளைவிடப் பல மடங்கு அதிகம். கண் மருத்துவரிடம் காட்டுங்கள். மஞ்சள்-நீலம் என்று மாற்றினால் அதே பிள்ளை பெரும்பாலும் சரளமாக அடுக்கிவிடும்.

வாங்கினாலும் வாங்காவிட்டாலும்

வாங்குவதென்றால் எனக்குப் பிடித்த வரிசை இது:

1. மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும், வீட்டில் அதைவிடச் சின்னப் பிள்ளை இருந்தால் கோலிகளைப் பூட்டிவைக்க இடம் இருக்க வேண்டும்.

2. கோலி குழியில் பாதியாவது அமிழ வேண்டும். மேலோட்டமான குழி என்றால் பலகையைத் தொட்டாலே எல்லாம் உருண்டு ஓடும், பிள்ளைக்கு அழுகைதான் மிஞ்சும்.

3. அட்டையில் திரும்ப வரும் துண்டுகள் இருக்க வேண்டும். வெற்று அட்டைகளும் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது, பிள்ளையே அமைப்பு உண்டாக்கி அதில் வரையலாம்.

4. நிறம் ஏழெட்டு இருப்பது ஒரு சிறப்பே இல்லை. இரண்டு நிறத்தில் முடியாத அமைப்பு இந்த வயதுக்கு அநேகமாகத் தேவைப்படாது.

வாங்காவிட்டால், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு டம்ளர்-கிண்ணி-கிண்ணி வரிசை போதும். நாலைந்து வயதென்றால் முப்பது முட்டை வரும் அட்டைத் தட்டு ஒன்று, புதிதாக, முட்டை பட்டுக் கறையாகாததாக எடுத்துக்கொள்ளுங்கள். அது ஐந்துக்கு ஆறு. இரண்டு நிறக் காகிதத்தைக் கசக்கி எலுமிச்சை அளவுக்கு உருட்டினால் நிறம் ஒன்றுக்குப் பதினைந்து உருண்டை. தட்டை ஆறு அகலமாக வைத்து ஒன்றுவிட்டு ஒன்றாக நிரப்பச் சொல்லுங்கள், பட்டை வரும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தட்டைத் திருப்பி ஐந்து அகலமாக வைத்து, அதே விதியில் முதலிலிருந்து நிரப்பச் சொல்லுங்கள். இரண்டாவது வரி தொடங்கும் இடத்தில் பிள்ளையின் கை கொஞ்சம் தயங்கும். அங்கே உதவிக்குப் போகாதீர்கள்.